காப்பகத்து நாய்க்கு வீடு தேடுவது யார் பொறுப்பு?

மார்க்க இதழில் நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்ற சட்டத்தை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அத்துடன் பேச்சு முடிந்தது என்றே நம்மில் பலர் இருந்து வருகிறோம். ஆனால் இப்போது நம்மவர்களிடமிருந்தே வேறுவிதமான கேள்விகள் எழுகின்றன. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், பிராணிகள் காப்பகத்திலிருந்து பெரிய நாய் ஒன்றைத் தருகிறோம் என்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா என்கிறார். மற்றொருவர், பிள்ளையின் பிடிவாதத்துக்காக வாங்கிய குட்டி இப்போது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்து நிற்கிறது, அதைக் காப்பகத்தில் விட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடும் அல்லவா என்கிறார். பின்னவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கேதான் விஷயமே ஆரம்பமாகிறது.

சென்னை வேளச்சேரியிலுள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தெருநாய்கள் மட்டும் இல்லை. பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்ட ஜாதி நாய்களும் வந்து சேருகின்றன. இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது மடியில் கிடந்து தூங்கும். ஒன்றரை வருஷத்தில் அதுவே முப்பது நாற்பது கிலோ எடையில் மாடி வீட்டின் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அல்சேஷன், லாப்ரடார், ராட்வைலர், கிரேட் டேன் என்று எதுவானாலும் கதை ஒன்றுதான். ஸ்விட்சர்லாந்தின் பனிமலைக் கணவாய்க்கென்று பழக்கப்பட்ட செயின்ட் பெர்னார்ட் நாயைக் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறவர்களும் உண்டு. வீட்டுக்காரர் ஆட்சேபிக்கிறார், குழந்தை பிறந்திருக்கிறது, வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று ஏதேனும் ஒரு காரணம் வரும். நாய் வெளியேறும். காப்பகத்துக்குப் போன பிறகும் சிறிய நாய்களையே முதலில் கேட்டு வருகிறார்கள். பெரிய நாய்க்கு இடம் வேண்டும், தீனி வேண்டும், இழுத்துப் பிடிக்க வலுவான கை வேண்டும். ஆகவே அது கூண்டிலேயே நாட்களைக் கழிக்கிறது.

காப்பகத்தில் சோறு போடுகிறார்களே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவோம். 1910ஆம் ஆண்டு இஸ்தான்பூல் நகரத்துத் தெருநாய்களை அன்றைய ஆட்சியாளர்கள் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மர்மராக் கடலிலுள்ள சிவ்ரியாடா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீருமில்லை, இரையுமில்லை. அவை அங்கேயே மடிந்தன. கொல்லவில்லை, வேறு இடம்தான் கொடுத்தோம் என்று அவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அதே துருக்கியில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் நிறைவேறியது. தெருநாய்களைப் பிடித்து, யாரேனும் ஏற்றுக்கொள்ளும் வரை காப்பகங்களில் வைக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். ஏற்றுக்கொள்ள ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்பதில்தான் அந்நாட்டு முஸ்லிம்களே இரண்டு பட்டு நிற்கிறார்கள். கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிடுவதும் வீடு தேடிக் கொடுப்பதும் ஒன்றல்ல. நம் காப்பகங்கள் அந்தப் பாறைத் தீவைப் போன்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் உணவும் மருந்தும் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒருவர் செய்யவேண்டிய கடமையை இன்னொருவர் செய்கிறார் என்பதுதான் அங்குள்ள நிலை.

பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த வேதனையைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. தாகித்து ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதையும் அறிவோம். இவ்விரண்டையும் நாம் அடிக்கடி சொல்லிக் கண் கலங்குகிறோம், பிறகு மறந்து விடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660இல் மறைந்தவர்கள். மனிதன் மீது கால்நடைகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். கிழமாகியோ நோயுற்றோ இனி எந்தப் பயனும் இல்லை என்றாகிவிட்ட பிராணிக்கும் செலவு செய்யவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்குத் துன்பம் தருகிற வேறு பிராணிகளுடன் சேர்த்து அடைக்கக்கூடாது என்பதும் ஒன்று. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இதை இன்றைய கூண்டுகளின் நெருக்கடியோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

எனவே நம்முடைய அபிப்பிராயம் இதுதான். ஒரு பிராணியைக் கையில் எடுத்தவருக்கு அது அமானத். அதை வைத்துக் காப்பாற்றக்கூடிய இன்னொரு கை சேரும் வரை பொறுப்பு அவருடையதே. வாங்கும்போதே அது கூடாத காரியமாக இருந்திருந்தால், வாங்கியதற்காகத் தௌபா செய்வது வேறு, வாங்கியதைப் பட்டினி போடாமல் காப்பது வேறு. காப்பகத்தில் விட்டே தீரவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டால், அதன் செலவில் பங்கு கொடுத்துக்கொண்டு, வீடும் தேடிக்கொண்டிருக்கவேண்டும். இரவோடிரவாகக் காப்பகத்தின் வாசற்கதவில் கட்டிவிட்டு வருவது தேடலாகாது. நாட்டுச் சட்டமும் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் முதற் குற்றத்துக்கு எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்! நாயைக் கொண்டுபோய் விட்டுவரும் ஆட்டோவுக்கு அதைவிட அதிகம் கொடுக்கவேண்டியிருக்கும்.

சரி, தோப்பு வைத்திருப்பவருக்கு வருவோம்.

காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத், மற்றோர் அறிவிப்பின்படி இரண்டு கீராத் குறைகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வேட்டை, கால்நடைக் காவல், விவசாயக் காவல் ஆகியவற்றுக்கு விலக்கும் அளித்திருக்கிறார்கள். அந்த விலக்கின் அடிப்படை தேவைதான் என்பதால், வீட்டுக் காவலுக்கும் அது பொருந்தும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மார்க்கம் அனுமதித்த வேலைகள் எவையோ, அநேகமாக அந்த வேலைகளுக்காகவே பெரிய நாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டு வந்திருக்கின்றன. அல்சேஷன் ஜெர்மனியில் ஆட்டு மந்தையைக் காத்த நாய். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குப் போனவை. ராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. அவற்றை வேலையில்லாமல் கூடத்தில் அலங்காரமாகக் கட்டிப்போட்டபோதுதான் அவை குரைத்தும் கடித்தும் கெட்ட பெயர் வாங்கிக் காப்பகம் சேர்ந்தன. அலங்காரத்துக்கு வளர்க்காதே என்ற தடை நம்மைக் காப்பது போலவே அந்த நாயையும் காத்திருக்கும். ஆகவே காவல் தேவைப்படுகிற, வேலி போட்ட, நாள் முழுவதும் மனித நடமாட்டமுள்ள தோப்போ பண்ணையோ இருப்பவர் காப்பகத்துப் பெரிய நாயை ஏற்பதில் தடையில்லை. அடைபட்டுக் கிடக்கும் ஜீவனுக்கு விடுதலை கிடைக்கச் செய்ததற்கு அல்லாஹ்விடம் கூலியும் எதிர்பார்க்கலாம். தோப்பும் இல்லை, காவல் தேவையும் இல்லை, இரக்கம் மட்டும் உண்டு என்பவர் தம் இரக்கத்தைத் தீனிச் செலவாகக் கொடுக்கட்டும். முடியாது என்று சொல்வதில் பாவம் எதுவுமில்லை.

நஜீஸ் ஆயிற்றே என்பார்கள். ஆம், நம் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ்தான். ஹனஃபிகள் எச்சிலில்தான் அதைச் சொல்கிறார்கள், மாலிக்கிகள் உயிருள்ள நாயைச் சுத்தமானதென்றே கொள்கிறார்கள். அந்த விவகாரத்துக்குள் நாம் போகவில்லை. ஷாஃபிஈ சட்டப்படியே, காய்ந்த கை காய்ந்த மேனியில் பட்டால் நஜீஸ் தொற்றாது, ஈரம் பட்டால்தான் கழுவவேண்டும். அதற்கென்று தனிப் பாத்திரம், தொழுகை இடத்திலிருந்து தள்ளித் தனிக் கொட்டகை, நாயைக் கவனிக்கும்போது உடுத்தத் தனி உடை இருந்தால் ஒரு சிரமமும் இல்லை. கழுவும் கடமை நம்முடையது, அது நாயின் குற்றமல்ல. நஜீஸ் என்று சொல்லிக்கொண்டே கல்லெடுக்கிற பிள்ளையை நாம் கண்டிக்காமல் விடுவது எந்தக் கிதாபில் உள்ளதோ தெரியவில்லை. குகைத் தோழர்களின் வரலாற்றை வெள்ளிதோறும் ஓதுகிறோம். வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் சேர்த்துத்தானே ஓதுகிறோம்?

இனி, கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் நடுவே உள்ள ஒரு விஷயம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகத் தவறுகிறார்கள். நாய்க்கு எப்படியாவது ஒரு வீடு கிடைக்கட்டும் என்று அதன் குறையை மறைத்துவிடுகிறார்கள். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள்! இலவசமாகக் கொடுப்பதனால் அந்தக் கண்டிப்பு நீங்கிவிடுமா? ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அடிக்கடி காணப்படுவது. செவிட்டு நாய் கெட்ட நாய் அல்ல. ஆனால் அது தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்துவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தால், எடுப்பவர் கைச்சாடையால் பழக்குவார், எழுப்பும்போது எதிரே வந்து தரையைத் தட்டுவார், வேலிக்கு வெளியே அவிழ்த்துவிடமாட்டார். சொல்லாமல் கொடுத்தால் அந்த வீட்டுப் பேரக்குழந்தை போய் அணைத்துக்கொள்ளும். பிறகு நடப்பதற்கு யார் பொறுப்பு? ஒரு தடவை யாரையேனும் கடித்திருந்தால், எப்போது, எதனால் என்பதையும் சொல்லவேண்டும். வெடிச் சத்தத்துக்கு நடுங்குமா, ஆட்டைக் கண்டால் துரத்துமா, பெண்களிடம் அடங்குமா, இதெல்லாம் சொல்லவேண்டியவையே.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதைப் பத்திரிகைகளில் படித்தோம். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தவர்களிடம் வாயில்லா ஜீவன் என்று சொன்னால் மட்டும் போதாது. கடிக்கும் கொடிய நாயை ஹதீஸே தனியாகப் பிரித்துத்தான் சொல்கிறது, அதைக் கொல்லவும் அனுமதி உண்டு. எனவே எந்தப் பழக்கத்தாலும் திருந்தாது என்று மிருக வைத்தியரும் பழக்குபவரும் சொல்லிவிட்ட நாய்க்கு வீடு தேடக்கூடாது. தகுந்த கூண்டில் ஆயுள் முழுவதும் வைத்துக் காப்பாற்ற ஒரு காப்பகம் முன்வந்தால் நல்லது. அதுவும் இல்லையென்றால் வைத்தியர் கையால் வலியின்றி முடிப்பதே வழி. உயிரைப் போக்குவதிலும் இஹ்ஸானைக் கடைப்பிடிக்கக் கட்டளையிடப்பட்டவர்கள் நாம். இதை எழுத மனம் வரவில்லைதான். ஆனாலும் அடுத்த வீட்டுக் குழந்தையை ஆபத்தில் வைத்துச் செய்கிற இரக்கத்தை இரக்கம் என்று எழுதவும் மனம் வரவில்லை.

எடுத்துச் செல்பவர் முதல் நாளே நாயைக் கையோடு கொண்டுபோக அவசரப்படக்கூடாது. இரண்டு மூன்று தடவை காப்பகம் போய், அதன் கயிற்றைப் பிடித்து நடந்து பார்க்கட்டும். தோப்பில் அன்றாடம் இருக்கும் வேலையாளையும் அழைத்துப் போவது அவசியம், ஏனெனில் நாயோடு வாழப்போகிறவர் முதலாளியல்ல, அவர்தான். வெறிநாய்க் கடிக்கான தடுப்பூசி போட்டாயிற்றா, கருத்தடை செய்தாயிற்றா என்று கேட்டு, அந்த ஊசியை வருஷந்தோறும் தொடர வேண்டும். முதல் வாரம் காப்பகத்தில் தின்ற உணவையே கொடுத்து, சிறிது சிறிதாக மாற்றுவது நலம். பழைய விரிப்பையும் கூடவே கொண்டு போனால் அந்த வாடையில் அது நிம்மதியாகத் தூங்கும். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி வைத்தால் எந்த நாயும் முரடாகிவிடும்.

பண விஷயத்திலும் சிலருக்குச் சந்தேகம் உண்டு. நாயின் கிரயம் தடுக்கப்பட்டது, நம் மத்ஹபில் அதன் விற்பனை செல்லாது. காப்பகத்தில் கேட்பது ஊசிக்கும் மருந்துக்கும் ஆன செலவு என்றால் அது கிரயமாகாது, தாராளமாகக் கொடுக்கலாம். காப்பகத்து நாய்களின் தீனிக்கு ஸதகா கொடுக்கலாம், ஈரமுள்ள ஈரல் ஒவ்வொன்றிலும் கூலி உண்டென்பது அதற்கும் சேர்த்துத்தான். ஜகாத் பணத்தை அதில் சேர்க்கக்கூடாது, அது எட்டு வகையினருக்கென்று குர்ஆனில் ஒதுக்கப்பட்டுவிட்டது.

கடைசியாக, எடுப்பவர் தம் வயதையும் நாயின் வயதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய நாய்கள் ஏழிலிருந்து பத்து வருஷம் வரைதான் இருக்கும். மற்றவை இன்னும் சில வருஷம் கூடுதலாக இருக்கும். விற்க முடியாத நாயானாலும், காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் நாயை இன்னாருக்கு என்று வஸிய்யத் செய்வதை நம் ஃபிக்ஹு நூல்கள் ஏற்றுக்கொள்கின்றன. தோப்பு யாருக்கு என்று எழுதும்போது அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதிவிடலாம்.