கை படாத கார்

பழைய கார் விற்பனை விளம்பரங்களைச் சில காலமாகப் படித்து வருகிறேன். வாங்குகிற வசதி எனக்கில்லை, அவற்றின் மொழிக்காகத்தான். நேரடியான பொய் அவற்றில் குறைவு. 'ஜமீன் குடும்பத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.' சொன்னது யார்? வினைக்கு எழுவாய் கிடையாது. 'எண்கள் பொருந்துகின்றன.' ஆர்.சி. புத்தகத்து எண்ணும் வண்டியில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்கலாம். அந்த எண் தொழிற்சாலையில்தான் அடிக்கப்பட்டது என்று அதனால் ஆகிவிடாது.

நண்பர் ஒருவர் ஹெரால்டு ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க இருந்தார். '1962 மாடல். லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. ஒரே குடும்பம். யார் கையும் படாதது.' படத்தில் நான்கு கதவுகள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் விற்ற ஹெரால்டு ஸலூனுக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு கம்பெனியில், அதுவும் அறுபதுகளின் பிற்பகுதியில். இந்த வண்டி கடல் தாண்டியதல்ல, தாம்பரம் தாண்டியது.

சொன்னேன். "வண்டி நன்றாக ஓடுகிறது. பொய்யால் எனக்கென்ன நஷ்டம்?" என்றார். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

1990-இல் லண்டன் நீதிமன்றத்துக்கு ஒரு பென்ட்லி வந்தது. 1929, 1930 இரு வருஷமும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்'. ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். சேஸிஸ், எஞ்சின், உடல் எல்லாம் மாறியிருந்தன. 1932-இல் ஓட்டியவரைக் கொன்ற விபத்து வேறு. முதலில் செய்த கார் அல்லதான், ஆனாலும் அறுபடாத சரித்திரம் உடையது, ஆகவே அதுவே இது என்றார் நீதிபதி ஆட்டன். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: மாறுவது குற்றமில்லை, மாறியதை மறைப்பதுதான் குற்றம். நம்முடைய 2021-ஆம் வருஷத்து மத்திய விதி ஐம்பது வயது தாண்டிய வண்டிகளைத் தனியாகப் பதியும்போது, சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. மறைப்பதற்கு இது இன்னொரு தூண்டுதல்.

இதெல்லாம் ஏட்டு விவகாரம். ஹெரால்டு நின்றது பொன்னேரியில், ஒரு டிங்கர் ஷெட்டில். நண்பர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த டிங்கரிடம் விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். 'யார் கையும் படாதது' என்ற இடத்தில் சிரித்தார். குனிந்து கதவின் அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டினார். "நாலு கதவுக்கும் அடித்தகடு நான் வெட்டிப் போட்டது சார். கும்மிடிப்பூண்டில வாங்கின தகடு. ஒரு மாசம் ஆச்சு." நல்ல வேலை. ஒட்டு இருக்குமிடம் என் விரலுக்குத் தட்டுப்படவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவர் குடுக்கிற வேலைதான் எனக்கு."

நண்பருக்குப் பணத்தில் நஷ்டம் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் 'கை படாதது' என்பதற்குக் கூடுதலாகக் கேட்கப்பட்ட விலை, இந்தக் கையை இல்லையென்று சொல்வதற்கான விலை. அதை அவருக்கும் தெரிந்து, அவர் வாயாலேயே மறைக்கச் செய்கிறார்கள். வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்கு அவர் காணாமல் போகிறார். லண்டன் தீர்ப்பில் வந்த 'அறுபடாத சரித்திரம்' இங்கே அறுபடுவது இந்த இடத்தில்தான் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் நண்பரிடம், "கதவுகளில் வேலை நடந்திருப்பதாகத் தெரிகிறது" என்றேன்.

"யார் சொன்னது?" என்றார்.