ஆள் இருந்த இடத்தில் மூட்டை

2023 பிப்ரவரியில் சோயுஸ் எம்எஸ்-23 ஆளில்லாமல் கிளம்பிய செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "மூணு பேர் உட்கார்ற வண்டிய காலியாவா அனுப்புறாங்க?" என்றார் அம்மா. காலியாக இல்லை, ஆட்களுக்குப் பதில் சரக்கு போனது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. ஆளை இறக்கிவிட்டு மூட்டையை ஏற்றும்போது ஒரு விண்கலத்தில் உண்மையில் என்ன மாறுகிறது?

1978-லேயே சோவியத் பொறியாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். சோயுஸை மாற்றி அவர்கள் அனுப்பிய சரக்குக் கலம் புரோகிரஸ். மனிதர்கள் அமர்ந்து பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதியை எடுத்துவிட்டு எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். வெப்பக் கவசம் போயிற்று, பாராசூட் போயிற்று, ஏவும்போது ஆபத்து வந்தால் ஆட்களை இழுத்துக் காப்பாற்றும் ராக்கெட்டும் போயிற்று. சுமார் 2.3 டன் சரக்கு ஏறியது. சல்யூட்-6 நிலையத்தில் அதை இறக்கியபின் கலம் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. அதில் தவறொன்றும் இல்லை. அங்கிருந்த ரோமனென்கோவும் கிரெச்கோவும் 96 நாட்கள் விண்வெளியில் இருக்க அதுவும் உதவியது.

ஆக, மனிதனுக்கும் மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் திரும்பி வருவதுதான் என்று நினைத்திருந்தேன். எம்எஸ்-23 ஏன் போனது என்று படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

2022 டிசம்பரில், விண்வெளி நிலையத்தில் இணைந்திருந்த எம்எஸ்-22 கலத்திலிருந்து குளிரூட்டும் திரவம் கசிந்தது. மூன்று பேரோடு இறங்கினால் உள்ளே வெப்பம் ஏறும் என்ற பயம். அவர்களில் ஒருவரான பிராங்க் ரூபியோவின் உடலுக்கென்றே வார்த்த இருக்கை மெத்தையைக் கழற்றி, டிராகன் கலத்தில் சரக்கு வைக்கும் இடத்தில் பொருத்தினார்கள். அவசரமென்றால் மூட்டையின் இடத்தில் அவர் படுத்து வரவேண்டும். பிறகு எம்எஸ்-23 போய்ச் சேர்ந்தது. பழைய கலம் ஆளில்லாமல் தரையிறங்கியது. ஆனால் அடுத்த குழு ஏறிவர வேண்டிய கலமே மீட்புக் கலமாகிவிட்டதால், இவர்களை மாற்ற ஆள் இல்லை. ஆறு மாதப் பயணம் 371 நாளாயிற்று.

பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனால் இவ்வளவு காலம் என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், குடும்பத்தை எண்ணி மறுத்திருக்கக்கூடும் என்று ரூபியோ சொன்னார்.

எடுத்த முடிவு சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் முடிவு சரி என்பதாலேயே அவர் இழந்தது ஒன்றுமில்லை என்றாகிவிடாது. உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாயிற்றே என்று கணக்கை முடித்துக்கொண்டால், அவரை நல்லபடியாக இறக்கிய சரக்காகத்தான் பார்க்கிறோம். மூட்டையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்க முடியாமல் போன இடத்தில், கேட்கவில்லை என்பதையாவது நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.