சூதும் ஓடுகளமும்

நியூயார்க் மாநிலத்துக் கோஷன் என்னும் சிற்றூரில், 1838இல் தோன்றிய குதிரைவண்டிப் பந்தயக்களம் ஒன்று உளது, சுற்றளவு அரைமைல். இருசக்கர வண்டியை இழுக்கும் குதிரை நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிடாமல் நடைபிறழாது விரைய வேண்டும். வேகத்தினும் கட்டுப்பாட்டைப் போற்றும் ஓட்டம் அது! 1966இல் அமெரிக்க அரசு அக்களத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கிற்று.

பந்தயம் என்றாலே சூதுதானே, அதற்கு மரபுப் பெருமை எதற்கு என வினவலாம். சூது நமக்கு விலக்கப்பட்டது; அதில் ஐயமில்லை. ஆயினும் பணம் வைத்தவன் மட்டுமா அங்கு நின்றான்? லாடம் அடித்தவனும், வண்டி செய்தவனும், குட்டியைப் பழக்கியவனும் நின்றனர். அவர்தம் கைத்திறனையும் சூதோடு சேர்த்து எறிந்துவிடுதல் நீதியாகுமா? ஆகாது என்றே கருதுகிறோம்.

அவ்வூரிலேயே குட் டைம் பார்க் என்னும் பெரிய களமும் இருந்தது. புகழ்மிக்க ஹாம்பிள்டோனியன் பந்தயம் 1956வரை அங்குதான் நடந்தது. பந்தயம் வேறு மாநிலம் போயிற்று. பெரிய களம் கைவிடப்பட்டது. சிறியதே நின்றது.