ஹிஜ்ர் வாசிகளின் ஊரில் நமக்கென்ன வேலை?

தென்காசியிலிருந்து ஒரு பெரியவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனார் மதீனா முனவ்வராவில் வேலையாயிருக்கிறார். பெற்றோர் இருவரையும் உம்ராவுக்கு அழைத்திருக்கிறார். மக்காவிலும் மதீனாவிலும் எல்லாம் நல்லபடியாக நிறைவேறிய பிறகு, இரண்டு நாள் 'மதாயின் ஸாலிஹ்' காட்டிவருவதாகச் சொல்லி, அதற்கு முன்பணமும் கட்டிவிட்டாராம். அல்லாஹ்வின் கோபம் இறங்கிய ஊரை வேடிக்கை பார்க்கப் போகலாமா என்பதே பெரியவரின் கேள்வி. போகமாட்டேனென்றால் மகன் மனம் நோகும், போனால் தம் மனம் நோகும் என்று எழுதியிருக்கிறார். இது ஒரு வீட்டுக் கேள்வியன்று. 2019இல் சவூதி அரசு சுற்றுலா விசாவைத் திறந்துவிட்ட பின், நம் வட்டாரத்து வீடுகள் பலவற்றிலும் இந்தப் பேச்சு எழுந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வோம். மதீனாவுக்கு வடமேற்கே, முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அல்உலா என்ற ஊர். அதற்குச் சற்று வடக்கே பாலைவனத்தில் தனித்தனியாக நிற்கும் மணற்பாறைக் குன்றுகள். அதுவே திருமறை குறிப்பிடும் அல்ஹிஜ்ர். துருக்கியர் போட்ட ஹிஜாஸ் ரயில் பாதை 1908இல் மதீனாவை எட்டியபோது இங்கேயும் ஒரு நிலையம் இருந்தது. 2008இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது; சவூதி நாட்டில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான். இன்று பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, குன்றுக்குக் குன்று இறக்கி, கதை சொல்லும் வழிகாட்டி ஒருவரையும் உடன் அனுப்புகிறார்கள். அந்த வழிகாட்டிக்கு 'ராவி' என்றே பெயர். ஹதீஸை அறிவிப்பவருக்கு நாம் வழங்கும் அதே சொல்!

அங்கே வாழ்ந்த சமூது கூட்டத்தாரைப் பற்றித் திருக்குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. மலைகளைக் குடைந்து திறமையாக வீடுகள் அமைத்தார்கள், அவற்றில் அச்சமற்றிருப்பதாக எண்ணினார்கள் என்று சூரா ஹிஜ்ரும் சூரா ஷுஅராவும் கூறுகின்றன. தோட்டங்களும் ஊற்றுகளும் பயிர்களும் குலை தள்ளிய பேரீச்ச மரங்களும் அவர்களுக்கு இருந்தன. அவர்களிடம் ஹழ்ரத் ஸாலிஹ் (அலை) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அத்தாட்சியாக ஒரு பெண் ஒட்டகை கொடுக்கப்பட்டது. அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது: தண்ணீர் ஒரு நாள் ஒட்டகைக்கு, ஒரு நாள் அவர்களுக்கு.

இந்தத் தண்ணீர் முறையை நாம் படித்துவிட்டு வேகமாகக் கடந்துவிடுகிறோம். தென்காசிக்காரர் அப்படிக் கடக்கலாகாது. குற்றாலத்து மலையில் விழும் தண்ணீர் சிற்றாறாகிக் குளங்களை நிரப்பி, சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. வழியில் எத்தனை மடை, எத்தனை வயல்! தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சுவது என்றால் என்ன, அடுத்தவன் முறையில் இரவோடிரவாக மடையைத் திருப்பிவிடுவது என்றால் என்ன என்பதை நம் ஊர் விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சமூது கூட்டத்தார் செய்ததும் அதுதான். தங்கள் தண்ணீரில் பாதியை வாயில்லா ஜீவன் ஒன்று குடிப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஒருவனை அழைத்தார்கள், அவன் துணிந்து அதன் கால் நரம்பை வெட்டிவிட்டான்.

வெட்டியவன் ஒருவன்தான். கமர் சூராவும் ஷம்ஸு சூராவும் அவனை ஒருமையிலேயே குறிப்பிடுகின்றன. ஆனால் ஷம்ஸு சூராவிலேயே அடுத்த கட்டத்தில், 'அவர்கள் அறுத்தார்கள்' என்று பன்மைக்கு மாறிவிடுகிறது வசனம். தடுக்காதவன், சிரித்தவன், 'நமக்கேன் வம்பு' என்று கதவைச் சாத்திக்கொண்டவன் எல்லோரும் அந்தப் பன்மைக்குள் வந்துவிட்டார்கள். சாரல் காலத்தில் அருவிக்கரையில் சோப்பும் ஷாம்பும் கூடாதென்று தடை இருக்கிறது. மறைத்துக்கொண்டு போகிறவன் ஒருவன். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். கீழே அந்தத் தண்ணீரைத்தான் ஆடும் மாடும் குடிக்கின்றன.

இனி, கடிதத்தின் கேள்விக்கு வருவோம். ஹிஜ்ரி 9இல், அதாவது கி.பி. 630இல், கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்குக்குப் படையுடன் சென்றபோது இந்த வழியாகத்தான் போனார்கள். கடும் கோடை, நெடும் பயணம், தாகம். ஸஹாபாப் பெருமக்கள் அங்கிருந்த கிணறுகளில் நீர் இறைத்து மாவும் பிசைந்துவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். பிசைந்த மாவை ஒட்டகைகளுக்குப் போடச் சொன்னார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகை நீர் குடித்த கிணற்றில் மட்டும் இறைத்துக்கொள்ளும்படி ஏவினார்கள். அநியாயம் செய்தவர்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே தவிர நுழைய வேண்டாம், அவர்களைப் பிடித்தது உங்களையும் பிடித்துவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். பிறகு தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவாகச் செலுத்தி அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

பசித்த படை பிசைந்த மாவை விட்டுக்கொடுத்தது. நாமோ, அங்கே எந்தக் குன்றின் முன் நின்றால் படம் நன்றாக விழும் என்று கேட்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்று அங்கு ராவி காட்டும் செதுக்கு வேலைப்பாடுகளில் பெரும்பாலானவை வீடுகளல்ல, கப்றுகள். 111 பெரிய கல்லறைகள். அவற்றில் 94 அலங்கார வேலைப்பாடுடையவை. நபத்தியர் என்ற அரபு இனத்தார், கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி கி.பி. முதல் நூற்றாண்டு வரையில் குடைந்தவை என்று, வாயில்களின் மேலுள்ள கல்வெட்டுகளைப் படித்து ஆய்வாளர் கூறுகின்றனர். இன்னார் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் அமைத்தது, இதை விற்பவன்மீதும் அந்நியரைப் புதைப்பவன்மீதும் சாபம் உண்டாகட்டும் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. 'அப்படியானால் குர்ஆன் சொல்வது?' என்று இளைஞர் சிலர் கலங்குகிறார்கள். கலங்க ஒன்றுமில்லை. சமூது என்ற பெயர், நபத்தியருக்கு ஏழு நூற்றாண்டுகள் முந்திய அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டிலேயே வந்துவிட்டது. ஒரே பாறையில் ஒரு கூட்டத்துக்குப் பின் இன்னொரு கூட்டம் வந்து உளி வைப்பது புதிதன்று. இன்று நிற்கும் ஒவ்வொரு வாயிலும் சமூது கூட்டத்தார் செதுக்கியதென்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டியது அந்த இடத்தை. நமக்கு அது போதும். நபத்தியரும் போய்விட்டார்கள். அவர்கள் குடியிருந்த மண்கட்டி வீடுகள் சமவெளியோடு கரைந்துவிட்டன. நிற்பது கப்று மட்டுமே.

கஸ்ருல் ஃபரீத் என்று தனியே ஒரு பாறை நிற்கிறது. மேற்பகுதி வழுவழுவென்று முடிந்திருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக, உளித் தழும்போடு விடப்பட்டிருக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குப் போனவர்கள், அங்கே பாண்டியர் காலத்தில் மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, முடியாமல் விட்ட வேலையைப் பார்த்திருப்பார்கள். ஏன் விட்டார்கள் என்பதைப் பாறை சொல்லவில்லை.

போகலாமா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்துண்டு. சுற்றுலாவாகப் போவதே தகாது என்போர், நாயகம் (ஸல்) அவர்கள் விரைந்து கடந்ததை ஆதாரமாகக் காட்டுவர். பூமியில் பயணம் செய்து, பொய்ப்பித்தவர்களின் முடிவைப் பாருங்கள் என்று திருமறை பல முறை ஏவுவதையும், ஹதீஸில் 'அழுதவர்களாகவே தவிர' என்று வழி விடப்பட்டிருப்பதையும் காட்டி, படிப்பினைக்காகப் போகலாம் என்போரும் உண்டு. நாம் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறோம். ஆனால் அந்த நிபந்தனையோடு. அழுகை வராதவர் என்ன செய்வது? அவர் உள்ளே நுழையாமல், வெளியிலேயே நின்று பார்த்துத் திரும்பட்டும். குழி வாயிலில் ஏறி நின்று படமெடுப்பது, உணவுப் பொட்டலம் பிரித்து உட்கார்வது, கூட்டமாகச் சிரித்துப் பேசுவது இவை வேண்டாம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை, வேதனை இறங்கிய இடங்களில் தொழுவது பற்றிய பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே, வக்து அங்கே வந்து சேராதபடி பஸ் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அல்உலா ஊரில் தொழுதுவிட்டுப் புறப்படலாம்.

பெரியவர் தம் மகனைக் கோபிக்கவும் வேண்டாம். பெற்றோருக்குக் காட்ட வேண்டுமென்று ஆசைப்பட்ட பிள்ளை அவர். முன்பணம் போனாலும் போகட்டும் என்று அவர் மனமுவந்து சொன்னால், அந்த இரண்டு நாளை மஸ்ஜிதுன்னபவியிலேயே கழிக்கலாம். அதைவிடச் சிறந்தது எதுவென்று நாம் கேட்கப்போவதில்லை.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது. அவருடைய வீட்டம்மாவுக்கு முழங்கால் வலியாம். குன்றுக்குக் குன்று இறங்கி ஏற முடியாது, பஸ்ஸிலேயே இருந்துவிட்டால் குற்றமாகுமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக இருக்கலாம். முக்காட்டை நன்றாகப் போட்டுக்கொண்டு, சூரா ஹிஜ்ரை ஓதிக்கொண்டிருக்கட்டும். தொண்ணூற்றொன்பது வசனங்கள், பஸ் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். கீழே இறங்கிப்போனவர்களைவிட அவர்கள்தான் அதிகம் பார்த்தவர்களாகத் திரும்பவும் கூடும்.