பழம் பத்திரிகையும் காடையர் புகழும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்குக் காலத்துப் பத்திரிகைகளை விலை கொடுத்துச் சேர்ப்போர் உளர். 1929 பெப்ரவரி 14இல் சிக்காகோ கராஜ் ஒன்றினுள் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும், 1931இல் அல் கப்போன் வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற செய்தியும் அவர்களுக்குப் பெருநிதியம். கொலைஞனின் புகழைக் கண்ணாடிச் சட்டத்துள் இட்டுப் போற்றுதல் அறமாகுமா?

ஒன்றை மறுப்பதற்கில்லை. நுண்படம் எடுத்தபின் மூலத்தாள்களை நூலகங்கள் பல கழித்துவிட்டன. மஞ்சளித்துப் பொடியாகும் அம் மரக்கூழ்த் தாள்களிற் சிலவற்றைக் காத்தது தனிமனிதரின் பித்தே.

ஆயின் காக்கப்படுவது எது? அவ்வெழுவருள் ஒருவரான ஜோன் மே வாகனம் திருத்தும் தொழிலாளி. அவர் பெயருக்கு விலையில்லை. கப்போனின் பெயருக்கே விலை.

இதனினும் பாரதூரமானது வேறொன்று. 1930 ஜூனில் கொல்லப்பட்ட சிக்காகோ ட்ரிபியூன் நிருபர் ஜேக் லிங்கிளைப் பத்திரிகைகள் முதலிற் தியாகியாக்கின. வாரம் 65 டொலர் சம்பளக்காரரான அவர் செல்வந்தராய் வாழ்ந்ததும், கப்போனுடன் உறவு பூண்டிருந்ததும் பின்னரே அம்பலமாயின. செய்தி திரட்டிய கைகளுள் ஒன்று காடையரின் கையையும் பற்றியிருந்தது! முதல்நாட் பத்திரிகையை மட்டும் வைத்திருப்பவரிடம் இருப்பது தியாகியின் கதைதான். பொய் எவ்வாறு கலைந்தது என்பது அடுத்தடுத்த நாட்களின் தாள்களிலேயே உண்டு. கட்டிய தொகுதியைப் பிரித்துத் தனித்தாளாக விற்கும் வணிகர் அறுத்தெறிவது அத் தொடர்ச்சியையே. சேர்ப்பவர் தொகுதியை முழுமையாகச் சேர்க்கட்டும். மாணவன் கேட்டால் திறந்து காட்டட்டும். சுவரிலே தொங்கும் தாளின் மறுபக்கத்தை எவரும் வாசிக்க முடியாது.