மூன்றாவது கோடு தப்பாது

"கணக்கு எனக்கு வராது" என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள், பெங்களூரு ஜோகுபாளையத்துப் பிள்ளைகளே! அதிலும் முக்கோணத்தைக் கண்டு நடுங்க உங்களுக்கு உரிமையே இல்லை. முக்கோணங்களால் இந்த நாட்டை அளக்கும் பெரும்பணிக்கு முன்னோட்டம் நடந்ததே உங்கள் பக்கத்தில்தான். 1800-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு பாணசவாடிக்கும் அகரத்துக்கும் இடையே ஏழு மைலுக்கும் அதிகமான ஓர் அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் போதும், மற்றவற்றைக் கோணங்கள் சொல்லிவிடும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் மூட்டை கட்டவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தி, மறுபடி அளக்கக் கிளம்பினார்.

உங்களுக்கு ஒரு காம்பஸும் ஸ்கேலும் போதும். ஏபிசி என்று எந்த முக்கோணத்தையும் வரையுங்கள். ஏபி, பிசி இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு போடுங்கள். அவை வெட்டும் புள்ளி ஏ-க்கும் பி-க்கும் சமதூரம். பி-க்கும் சி-க்கும் சமதூரம். அப்படியானால் ஏ-க்கும் சி-க்கும்? சமதூரம்தானே! இரு முனைக்கும் சமதூரத்தில் நிற்கும் புள்ளி அந்தப் பக்கத்தின் மையக்குத்துக்கோட்டில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே மூன்றாவது கோடும் அங்கேயே வந்து சேரும். வராமல் இருக்க அதற்கு வழியே இல்லை! இதை எந்த ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அந்தப் புள்ளியில் காம்பஸை ஊன்றிச் சுற்றுங்கள். வட்டம் மூன்று முனைகளையும் தொடும்.

விரிகோண முக்கோணமானால் அந்த மையம் வெளியே போய் விழும். படம் தப்பு என்று ரப்பரைத் தேடாதீர்கள். வெளியே விழுந்தாலும் காரணம் அதேதான், விடையும் சரிதான். ஒன்பதாம் வகுப்பில் இந்த இடத்தில்தான் பலர் மனம் உடைகிறார்கள். காரணத்தைப் பிடித்தவன் உடையமாட்டான்.

ஆனால் கோண இருசமவெட்டிகள் எப்போதும் முக்கோணத்துக்கு உள்ளேதான் சந்திக்கும். அவை ஏன் ஒரே புள்ளியில் கூடுகின்றன? முனைகளை விடுங்கள், பக்கங்களிலிருந்து தூரத்தைப் பாருங்கள். கைடைத் திறக்காதீர்கள், யாரையும் கேட்காதீர்கள். இன்று இரவு உட்கார்ந்து, அந்தக் காரணத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி முடியுங்கள்!