இறகின் கடன்

ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் பழைய மாணவர் ஒருவர் ஸலாம் உரைத்து என்னை நிறுத்தினார். நீலகிரியில் பல்லாண்டு பணியாற்றியவர். டிரவுட் மீனுக்கான 'தூண்டில் ஈ' கட்டக் கற்றவர். டிரவுட் நம் நாட்டு மீனன்று. குளிர்ந்த நீரன்றி அதற்கு வாழ்வில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து அதனை வளர்த்தனர். பூச்சியென மயங்கி அம்மீன் கவ்வும்படி, தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்வதே அந்த ஈ.

"ஹஜ்ரத், ஒருவர் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுச்சேவலின் கழுத்துத் தோலைத் தருகிறேன் என்கிறார். பறவையோ இறந்துவிட்டது. நான் மறுத்தாலும் அது உயிர்பெறாது. வாங்கலாமா?" என்றார்.

எளிய வினாவன்று. அச்சேவலின் கழுத்திறகில் மெழுகுத்துளி போன்ற புள்ளிகள் உண்டு. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. கடல் கடந்தும் விலைபோயிற்று. 1902ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு காட்டுப்பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. அதனை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் ஆசை அடங்கவில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் களவு போயின. தூண்டில் ஈ கட்டுவோரே அவற்றுக்குச் சந்தை. அவற்றுட் பல நூறாண்டுக்கு முன்பே இறந்தவை! இறந்ததெல்லாம் உடைமையற்றதாகி விடுமா?

"உங்கள் பணம் இறந்த பறவைக்குப் போவதில்லை, அடுத்த கண்ணிக்குப் போகிறது" என்றேன்.

அவர் தலைகுனிந்து, பின்னர்த் தம் பெட்டியைத் திறந்தார். வீட்டில் அறுத்த சேவலின் இறகுகளும் மயில் தானே உதிர்த்த தோகையும் அதில் இருந்தன. மீனின் பல் இறகுத் தண்டை அறுத்துவிடுமாம். ஆதலால் மெல்லிய செம்புக் கம்பியை அதன்மேல் எதிர்த்திசையில் சுற்றுகிறார். மயிலிழையை நூலோடு முறுக்கிக் கட்டுகிறார். இறுதி முடிச்சுக்கு வார்னிஷ் இடுகிறார். அவ்வாறு கட்டிய ஈ ஒன்று பல மீன்களுக்குத் தாங்கும். பிடித்ததை வீட்டார் உண்பர். விளையாட்டுக்காக எவ்வுயிரையும் அவர் வதைப்பதில்லை.

அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறு பணித்து, எச்செயலிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை, வலியுறுத்தினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அச்செம்மை கத்தியோடு முடிந்துவிடுமா? அறுத்த பின் எஞ்சும் இறகையும் அது பற்றும் என்றே நான் கருதுகிறேன். அரைகுறையாய்க் கட்டிய ஈ முதல் மீனிலேயே சிதையும். சிதைந்ததற்கு ஈடாக மற்றோர் இறகு வேண்டும். உறுதியாய்க் கட்டுவது, உயிர் ஈந்த ஒன்றுக்கு நாம் பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

எனினும் வரிசை மாறலாகாது. வந்த வழி தூயதாகாமல் கைத்திறன் மட்டும் சிறந்தால், அது பாவத்துக்குப் பூசிய வார்னிஷே. நம் இல்லத்துத் தோற்பையையும் செருப்பையும் கையில் எடுக்குந்தோறும் இவ்விரண்டையும் கேட்போம்: இது எவ்வழி வந்தது? இதனை எத்துணைக் காலம் பேணினோம்?